ஓடையில் நனைத்த கீரை

முகாமில் எங்களுக்குப் பயிற்சிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மெழுகுவர்த்தி, சோப்பு, தையல், காளான் என்று யார் யாரோ வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் கையில் தூக்கிப் பிடிக்க, அவர்கள் படம் எடுக்க ஏதாவது ஒன்று இருந்தால் போதும். இலங்கையிலிருந்து வந்து இத்தனை காலமாகியும் எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடையாது. குத்தகைக் கொல்லையில் நானும் என் கணவரும் கீரை போட்டு, நெய்வேலி குவார்ட்டர்ஸ் தெருமுனையில் விற்றுப் பிழைக்கிறோம். போன வருடம் அந்தக் கீரையைச் சுத்தமாக விற்பதற்கும் ஒரு பயிற்சி வந்து சேர்ந்தது.

மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை மண்டபம். 'அகதி விவசாயிகளுக்கு மட்டும்' என்று பேனரில் போட்டிருந்தது. ஊர்க்காரர்கள் கையெல்லாம் பாலில் கழுவிய கையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடம் நடத்திய மேடம் டவுன்ஷிப்பில் குடியிருப்பவர், சின்ன வயது. கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். விரலிடுக்கு வரை எப்படிக் கழுவுவது என்று செய்து காட்டினார்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் தைத்தது. இந்தப் பக்கத்தில் கீரையைப் பறித்ததும் கட்டோடு ஓடையில் முக்கி எடுத்துத்தான் விற்கக் கொண்டுபோவோம். அப்போதுதான் வெயிலில் வாடாது. அந்த ஓடையில்தான் மாடும் குளிக்கும், ஆட்களும் ஒதுங்குவார்கள். "பச்சையா சாப்பிடுற கொத்தமல்லியையும் அதுலதானே முக்குறீங்க? குழந்தைங்களுக்கு வயித்தால போகும்க்கா. குடிக்கிற தண்ணியில அலசுங்க" என்றார் மேடம். அவர் சொன்னது நியாயம். நானும் பிள்ளை வளர்த்தவள்தான்.

முகாம் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். வரிசையில் நின்று பிடித்த குடத்தை அப்படியே கீரைக்குச் சாய்த்தேன். "குடிக்கிற தண்ணியக் கீரைக்கு ஊத்திப்போட்டு நாங்க என்னத்தைக் குடிக்கிறது?" என்று கணவர் சத்தம் போட்டார். அலசத்தான் அந்தத் தண்ணீர் போதும், கட்டோடு முக்கி எடுக்கப் போதாது. அலசி, ஈரச் சாக்கைப் போர்த்தி, பஸ்ஸில் கொண்டுபோய் இறக்குவதற்குள் கீரை தலை தொங்கிவிட்டது.

"என்ன சிலோன்காரம்மா, நேத்துப் பறிச்சதா?" என்று கேட்டுவிட்டு, வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அங்கே ஊர்க்காரப் பெண் ஒருத்தி, ஓடைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கட்டுகளை அடுக்கியிருந்தாள். அவளுக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "இன்னாக்கா, நீயும் ஒரு முக்கு முக்கிகினு வந்தா இன்னா?" என்றாள். குடிதண்ணீரில் அலசிய கீரை என்று நான் சொல்லிப் பார்த்தேன். நின்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஒருநாள் மேடமே வந்தார். என் கட்டை எடுத்தார், புரட்டினார், வைத்துவிட்டார். "நாளைக்கு வாங்கிக்கிறேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே போய்ப் பக்கத்துக் கடைக்காரியிடம் வாங்கினார். அன்றைக்கும் விற்காத கீரை மாட்டுக்குத்தான் போனது. இப்படியே போனால் கொல்லையை விட்டுவிட வேண்டியதுதான் என்றார் கணவர்.

மறுநாள் விடிந்ததும் ஓடையில் இறங்கி, ஒரு கட்டு விடாமல் முக்கி எடுத்தேன்.

விற்பனை பழையபடி சூடுபிடித்தது. மேடமும் சொன்னபடி வந்தார், போனும் கையுமாக. "பாத்தீங்களாக்கா, ட்ரெயினிங்குக்கு அப்புறம் எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு! கையில பிடிங்க, ரிப்போர்ட்ல போடணும்."

பிடித்தேன். சிரிக்கச் சொன்னார், சிரித்தும் தொலைத்தேன். பிறகு அவர் ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வீட்டில் சின்னக் குழந்தை இருப்பது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மேடம், அது ஓடைத் தண்ணி."

அவர் முகம் சுருங்கியது. கட்டை வெளியே எடுத்துச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்தார்.

"அப்ப அந்தப் படத்தையும் அழிச்சுப்போடுங்கோ" என்றேன்.

போனை ஒருமுறை பார்த்தார்.

"அது இருக்கட்டும்க்கா. நல்லா வந்திருக்கு" என்றார்.