பத்து எண்ணுவதற்குள் வெளியே

நான் ஃபார்முலா கார் ஓட்டுகிறவன். நாலு சக்கரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரே ஆள் உட்காரும், கதவு கிடையாத கார். இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. பந்தயம் இல்லாத நாட்களில், பந்தய ஆசை பிடித்த ஐடி கம்பெனிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். இத்தனை வருஷத்தில் நான் நிஜமாகவே நடுங்கியது, நின்றுகொண்டிருந்த ஒரு காரில்.

இந்த சீசனுக்கு எங்கள் டீம் புதுக் கார் வாங்கியது. அதில் ஓட்டுபவன் தலைக்கு மேலே ஒரு பாதுகாப்பு வளையம். தலை தப்பும், சரி. மிச்ச உடம்பு அதன் வழியாக வெளியே வர வேண்டுமே. அதற்கு ஒரு சோதனை. பெல்ட்டை அவிழ்த்து, ஸ்டியரிங்கைக் கழற்றி, பத்து எண்ணுவதற்குள் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட் கிடையாது.

"உங்களுக்கென்ன சார், சும்மா ஃபார்மாலிட்டி" என்றார் டீம் முதலாளி, என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே. இந்த வயசில் சீட்டை விட்டால் வேறு டீம்காரன் எவனும் கூப்பிடமாட்டான்.

எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டு ஹாலில் பயிற்சி ஆரம்பமானது. இரண்டு பக்கமும் சோபா மெத்தை, கால்மாட்டில் சூட்கேஸ், தலைக்கு மேலே துணி காயப்போடும் ஸ்டாண்டு, நடுவில் தரையில் நான். சமையல்கட்டிலிருந்து மனைவி "ஸ்டார்ட்" என்பாள். நான் எழுவதற்குள் ஸ்டாண்டு சாயும், ஈர பனியன் முகத்தில் விழும்.

ஒருநாள் காலை ஸ்டார்ட்டுக்குப் பதிலாக, "ஏங்க, பால் பொங்குது!" என்று கத்தினாள். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டாண்டு அசையக்கூட இல்லை.

"ஓஹோ, ஐயாவுக்கு இதான் சாவியா?" என்றாள். அன்றிலிருந்து அடுப்பில் பால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் பால் பொங்கியது.

அவள் ஸ்கூல் டீச்சர். என் பந்தயம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஜெயித்தேனா என்றும் கேட்கமாட்டாள். காரைவிட்டு வெளியே வந்ததும் போனில் 'எறங்கிட்டேன்' என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். ஷிஃப்ட் முடிந்து அப்பா மேலே வந்துவிட்டாரா என்பதுதான் அந்த வீட்டில் தினசரிச் செய்தி.

சோதனை அத்திபெலே பக்கம் எங்கள் ஒர்க்ஷாப்பில். "நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"ஸ்கூலுக்கு லீவு சொல்லியாச்சு."

சோதனை செய்ய வந்த அதிகாரி சாதுவான மனுஷர். ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணலாம் சார்" என்றார், பந்தியில் பாயசம் வேண்டுமா என்று கேட்கிற குரலில். பெல்ட்டை அவிழ்த்தேன். ஸ்டியரிங்கைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் அதிகாரியிடமே நீட்டினேன். அவரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். அப்புறம் என் வலது கை பக்கச் சுவரைத் தடவ ஆரம்பித்தது. கதவைத் தேடுகிறேன்! கதவே இல்லாத காரில், இருபது வருஷ அனுபவஸ்தன்!

"குரு, கதவு அடுத்த மாடல்லதான் வருது, இப்போதைக்கு மேல வாங்க!" என்றார் எங்கள் மெக்கானிக்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹெல்மெட்டுக்குள் வேர்வை கண்ணில் இறங்கியது. மூச்சு முட்டியது. இந்தக் காரை விற்கும்போது என்னையும் சேர்த்துத்தான் விற்பார்கள் என்று தோன்றியது. பத்து எப்போதோ தாண்டிவிட்டது.

"இன்னும் ஒரு சான்ஸ் இருக்கு சார்" என்றார் அதிகாரி.

திரும்ப பெல்ட் மாட்டிவிடக் குனிந்த மெக்கானிக் இப்போது சிரிக்கவில்லை. "தீ பிடிச்சா இவ்வளவு நேரம் கிடைக்காது குரு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது. ஹேண்ட்பேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சீட் போய்விடுமே என்று நான் பயந்த அத்தனை நாளும் அவள் எதற்காகப் பால், பால் என்று கத்தினாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், ஸ்டார்ட்டை என் வீட்டுக்காரி சொல்லலாமா?"

அதிகாரி யோசித்தார். "யார் சொல்லணும்னு ரூல்ல எதுவும் இல்லியே. சொல்லட்டும்."

அத்தனை ஆம்பிளைகள் நடுவில் அவள் கூச்சப்பட்டாள். தொண்டையைச் செருமினாள். பிறகு ஒர்க்ஷாப் தகரக்கூரை அதிரக் கத்தினாள்: "ஏங்க! பால் பொங்குது!"

வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்த மெக்கானிக் ஏழில் நிறுத்தினார். நான் தரையில் நின்றேன். அதிகாரி சுற்றிலும் அடுப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாஸ் சார்" என்றார் கடைசியில், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பழக்கதோஷத்தில் போனை எடுத்து 'எறங்கிட்டேன்' என்று அனுப்பினேன். எதிரிலேயே அவள் ஹேண்ட்பேக்கில் டிங் என்றது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நான் வேறு ஊரில் இருப்பதைப்போல நிதானமாகப் படித்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ தட்டினாள்.

என் போனில் வந்தது: 'பார்த்தேன். வரும்போது பால் வாங்கிட்டு வாங்க.'

இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போயிருந்தோம்.