துண்டுக்கு அடியில் ஏழு

பெரிய மனிதர்களின் வரலாற்றைப் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவது மரபு. சென்றாயனின் வரலாற்றை அவர் தோளில் கிடக்கும் துண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறந்ததைப் பற்றி அவருக்கே அதிகம் தெரியாது. துண்டைப் பற்றி ஊருக்கே தெரியும்.

காரிமங்கலம் சந்தையில் அவர் மாட்டுத் தரகர். விற்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம், நடுவில் சென்றாயன். பேச்சு சூடு பிடித்ததும் துண்டு தோளிலிருந்து இறங்கிக் கைகளை மூடும். அதற்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்துவதுதான் விலை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. பிடியை விட்டு மறுபடி இரண்டைப் பிடித்தால் ஏழு. ஏழாயிரமா எழுபதாயிரமா என்பதை மாடே சொல்லிவிடும். உரசி நிற்பவனுக்குக்கூட ஒன்றும் புரியாது. துண்டு அசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்தத் தொழிலின் அரசியலமைப்புச் சட்டத்தில் இரண்டே பிரிவுகள். எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மனதில் இருக்கும் எண்ணை முதலில் காட்டக் கூடாது. சென்றாயன் சந்தைக்கு வெளியிலும் சட்டத்தை மதிப்பவர். டீக்கடையில் எத்தனை டீ என்று கேட்டால் விரலைக் காட்டுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அண்ணன் தர்மன், "மாப்பிள்ளைக்கு வயசு என்னங்க?" என்று கேட்டபோது, "நீங்க எவ்வளவு நெனைக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். உள்ளே நின்ற பெண் முனியம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கல்யாணம் அந்தச் சிரிப்பில்தான் முடிவானது. அதன் பிறகு முனியம்மாள் அந்தக் காரணத்துக்காகச் சிரித்ததாகத் தகவல் இல்லை.

முனியம்மாள் துணி தைக்கும் கம்பெனிக்கு விடிவதற்குள் வேன் ஏறிப் போய், விளக்கு வைத்த பிறகு வருகிறவர். சென்றாயனுக்கோ சந்தை நாட்களை விட்டால் வீட்டில்தான் வாசம். ஆகவே மகள் காவியாவைக் குளிப்பாட்டுவது, களியை ஆற வைத்து ஊட்டுவது, ஜடை போடுவது, அங்கன்வாடியில் விட்டுக் கூட்டி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. ஜடை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் இருக்கும். காவியா அதைக் குறையாகச் சொன்னதில்லை.

காவியா நன்றாகப் பேசுவாள். பக்கத்து வீட்டுச் சண்டையை ஆளுக்கு ஒரு குரலில் நடித்துக் காட்டுவாள். எண்ணச் சொன்னால் மட்டும் வாயை இறுக்கிக்கொள்வாள். அங்கன்வாடியில் எல்லாக் குழந்தைகளும் "ஒண்ணு, ரெண்டு" என்று பாட்டாகப் பாடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படிப்பட்ட விஷயத்தைக் கூட்டத்தில் கத்துவது மரியாதையா என்று அவள் நினைத்திருக்கலாம். வீட்டில் பார்த்தது அப்படி.

தர்மன் இப்போது பொம்மிடியில் ரயிலடிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார். அவர் மகனுக்கும் காவியாவின் வயதுதான். அவன் இங்கிலீஷில் நூறு வரை எண்ணுவதைப் படம் பிடித்துத் தங்கையின் போனுக்கு அனுப்புவது அவருடைய அன்றாடக் கடமை. முனியம்மாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் தீர்ப்பு வந்தது.

"இந்தப் புள்ள எப்ப எண்ணக் கத்துக்கறது? வர்ற ஜூன்ல அண்ணன் வூட்டுல உட்டுடலாங்க. ஸ்கூல் வேன் அங்க வாசலுக்கே வருது."

"இத்தன வயசுப் புள்ளயக் கொண்டுபோய் இன்னொருத்தர் வூட்டுல உடுவாங்களா?" என்றார் சென்றாயன், நான்கு விரலைக் காட்டி.

"பாத்தீங்களா? நாலுன்னு சொல்ல உங்களுக்கே வாய் வரல. அவளுக்கு எங்கிருந்து வரும்?"

அன்று காவியாவுக்கு ஜடை போடும்போது இரண்டு பக்கமும் கீழே போய்விட்டது.

அங்கன்வாடி டீச்சர் கலைமணி மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம் வைப்பார். குழந்தைக்கு முதல் டீச்சர் அம்மாவும் அப்பாவும்தான் என்று சுவரில் எழுதி, அம்மாவுக்குப் பக்கத்தில் மீசை வைத்த அப்பா படமும் வரைந்து வைத்திருந்தார். கூட்டத்துக்கு இதுவரை வந்த ஒரே அப்பா அந்தப் படத்தில் இருப்பவர்தான். ஊர் ஆண்கள் அழைப்பை மின்தடை அறிவிப்பைப் போல மதித்தார்கள்: படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த மாதம் சென்றாயன் போனார். பெண்கள் அங்கே இருந்த ஒரே பெரிய நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுக்க, கூட்டம் பஞ்சாயத்து போல ஆகிவிட்டது.

"பாடமுன்னு தனியா உக்கார வெக்க வேணாங்க. நீங்க பண்ற வேலையிலயே பாடம் இருக்கு. வெங்காயம் உரிக்கறப்ப எண்ணச் சொல்லுங்க. துணி மடிக்கறப்ப பெருசு சிறுசு பிரிக்கச் சொல்லுங்க," என்ற கலைமணி, அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மாட்டு யாவாரம் தானுங்களே?"

"ஆமாங்க டீச்சர்."

"அதுலயே சொல்லிக் குடுங்க."

"அதுலயேவா?"

"அதுலயேதாங்க."

சென்றாயன் இன்னொரு முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த வியாபாரம் எப்படி நடக்கும் என்று கலைமணி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே வகுப்பு தொடங்கியது. கட்டிலில் புளியங்கொட்டைக் குவியல். எதிரெதிரே அப்பாவும் மகளும். நடுவில் துண்டு. கொட்டைகளை எண்ணி விரலைப் பிடிக்க வேண்டும். காவியா சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஏழு கொட்டை வைத்தால் சின்னக் கை ஐந்து விரலையும் அள்ளி, விட்டு, இரண்டைப் பிடித்தது. சென்றாயனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் தொழில் தர்மம் உறுத்தியது.

"ஏம்மா, எடுத்த எடுப்புல உள்ளதச் சொல்லிட்டா எதிராளி உன்னய என்னான்னு நெனைப்பான்? கொறச்சு ஆரம்பி. அவன் தலைய ஆட்டுனா கொஞ்சம் ஏத்து."

காவியா அதையும் கற்றாள். பாடத்திட்டம் முழுமையடைந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முனியம்மாள் லீவு போட்டு வந்தார். கலைமணி தட்டில் ஏழு புளியங்கொட்டைகளை வைத்தார்.

"காவியா, இதுல எத்தன இருக்கு சொல்லு?"

காவியா தட்டைப் பார்த்தாள். சுற்றி இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். டீச்சரின் முந்தானையை இழுத்து அவர் கையை மூடி, அடியில் கைவிட்டு மூன்று விரல்களைப் பிடித்தாள்.

"இல்லடா தங்கம், எத்தன?" கலைமணி தலையை ஆட்டினார்.

காவியா பெருமூச்சு விட்டு ஐந்தைப் பிடித்தாள்.

"வாயால சொல்லும்மா."

கெட்டி ஆள்தான் என்று காவியா முடிவு செய்திருக்க வேண்டும். ஐந்தைப் பிடித்து, விட்டு, இரண்டைப் பிடித்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். இதற்கு மேல் பைசா ஏறாது என்று அர்த்தம்.

"படிஞ்சிருச்சு!" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார் சென்றாயன்.

"என்னா படிஞ்சிது?" என்றார் முனியம்மாள்.

சென்றாயன் விளக்கினார். கலைமணி தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"மொதல்ல மூணு, அப்பறம் அஞ்சுன்னு தப்புத் தப்பா சொன்னாளே?"

"அது தப்பு இல்ல முனியம்மா. பேரம்."

வீட்டுக்குப் போகும் வழியில் முனியம்மாள் அண்ணனுக்குப் போன் போட்டார். "ஜூன்ல கூட்டியாரண்ணா. இங்க இருந்தா சந்தைக்குத்தான் போவா."

மறுநாள் கலைமணி வீட்டுக்கே வந்தார். 'அதுலயேதாங்க' என்று சொன்னது தாம்தான் என்ற உறுத்தல் அவருக்கு. கட்டிலில் உட்கார்ந்து, துண்டுக்குள் கையைக் கொடுத்து ஒரு பாடம் முழுக்கப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு எண்ணத் தெரியுதுங்க. ஆனா நாளைக்கு ஸ்கூல்ல யாரு துண்டு போட்டுக்கினு வருவாங்க? வெரலப் புடிக்கறப்பவே நீங்க வாயாலயும் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவ சொல்லுவா. அந்தப் பேரத்த மட்டும் உட்டுடுங்க."

"நான் சொல்லணுமா?"

"நீங்கதான்."

"சத்தமாவா?"

"பக்கத்து வூட்டுக்குக் கேக்கற மாதிரி."

வேட்டியில்லாமல் பஸ் ஏறச் சொன்னதுபோல் இருந்தது சென்றாயனுக்கு. முதல் 'ஒண்ணு' கதவைச் சாத்திக்கொண்டு பிறந்தது. காவியா பயந்துபோய் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கதவு திறந்தது. களி உருண்டையை எண்ணினார். கொடியில் காயும் துணியை எண்ணினார். அங்கன்வாடிக்குப் போகும் வழியில் மின்கம்பங்களை எண்ணினார். "சென்றாயனுக்கு என்னா ஆச்சு, கம்பத்துகிட்ட பேசிக்கினு போறாரு?" என்று ஊர் விசாரித்தது. கம்பம் கம்பமாகக் காவியாவும் மெல்லச் சேர்ந்துகொண்டாள்.

வினை சந்தையில் காத்திருந்தது. ஒரு சினை மாடு. வாங்குகிறவர் பக்கம் பேசியவர் முனாப் பாய், சந்தையில் மூத்த தரகர். துண்டு விழுந்தது. விரல்கள் பேசின. முனாப் ஏறவில்லை, சென்றாயன் இறங்கவில்லை. கடைசியில் சென்றாயன் ஐந்தைப் பிடித்து, விட்டு, இரண்டைப் பிடித்தார். வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"ஏழு!"

பக்கத்து வீடு என்ன, பக்கத்து ஊருக்கே கேட்டது. பின்னால் நின்ற வேறொரு தரகர் சும்மா இருப்பாரா? பக்கத்திலேயே தம் மாட்டைக் கொஞ்சம் குறைத்துப் பேசி, வாங்க வந்தவரைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போய்விட்டார்.

முனாப் துண்டைச் சென்றாயனின் தோளில் திருப்பிப் போட்டார். "ஏம்பா சென்றாயா, பாடமா நடத்தற? எட்டு எப்ப வரும்னு சொல்லு, நான் இருந்து கேட்டுட்டுப் போறன்."

"வாய் தவறிருச்சு பாய்."

"தவறட்டும் வாத்தியாரே. என் பேத்திக்கும் ஒரு எடம் போட்டு வையி."

அன்றோடு அவர் பெயர் வாத்தியார். சந்தையில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் சேதி அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

"சந்தையில கத்துனீங்களாமே?" என்றார் முனியம்மாள்.

"ஆமா."

"என்னான்னு?"

"ஏழுன்னு."

முனியம்மாள் அவர் கையைப் பார்த்தார். கை மடியில் சும்மா கிடந்தது. விரல் எதையும் காட்டவில்லை. சோற்றைப் போட்டார்.

அடுத்த கூட்டம். முனியம்மாளுக்கு மறுபடி லீவு. தர்மன் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: வேனில் இடம் பிடிக்க இன்றே சொல்ல வேண்டும். கலைமணி தட்டை வைத்தார். சென்றாயன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். துண்டை அன்று வீட்டிலேயே விட்டு வந்திருந்தார்.

"காவியா, எத்தன இருக்கு?"

காவியா தட்டைப் பார்த்தாள். அப்பாவின் வெறுந்தோளைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"நீங்க எவ்வளவு நெனைக்கறீங்க?"

சென்றாயன் கண்ணை மூடிக்கொண்டார். அறையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். முனியம்மாள்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். அம்மா சிரித்ததில் குஷியான காவியா தட்டைத் தன் பக்கம் இழுத்து, கொட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணத் தொடங்கினாள். "ஒண்ணு" என்பதே பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஒம்போது" என்று முடித்தாள். ஒன்பதுதான் இருந்தது. தட்டு காலியான பிறகும் விடாமல், டீச்சரின் வளையலைத் தொட்டு, "பத்து" என்றாள்.

போன் அடித்தது. முனியம்மாள் வாசலுக்கு வந்து எடுத்தார்.

"என்னம்மா, வேனுக்குச் சொல்லிரட்டுமா?" என்றார் தர்மன்.

"வேணாண்ணா. அனுப்பல."

"ஏன், என்னாச்சு?"

முனியம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தார். காவியா அப்பாவின் சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வெல படியலண்ணா," என்று சொல்லி வைத்துவிட்டார்.