நோயைத் தாங்கிய விதை

பள்ளிக்கூடத்தில் நான் பரிணாமம் நடத்துகிறேன். வாழவந்தியில் ராகி போடும் என் வீட்டுக்காரரோ, சாமி படைத்தது படைத்தபடியேதான் இருக்கிறது, எதுவும் மாறாது என்று மல்லுக்கு நிற்பார்.

விதைப்பதற்கு முன்னால் விதைக் கூடையைச் சாமி முன் வைப்பது எங்கள் வழக்கம். இந்த வருஷம், போன அறுப்பில் ஒதுக்கி வைத்திருந்த நோய் கண்ட கதிர்களை உதிர்த்து, நானே கூடையை நிரப்பினேன்.

“இதுவும் சாமி படைச்சதுதானுங்களே, வெதைங்க” என்றேன்.

கூடையைப் பார்த்ததும் பதறிவிட்டார். “நோவு புடிச்சதுல எவனாச்சும் வெதை எடுப்பானா? தாங்குனதுலதான் எடுக்கோணும். எங்கப்பன் காலத்துல இருந்து அப்படி எடுத்துத்தானே இப்ப நோவே நொம்பக் கொறைஞ்சிருக்குது!”

“ஏனுங்க, அப்ப ராகி மாறியிருக்குதுங்களா?”

அவர் கூடையைக் கவிழ்த்து நோய் விதையை வெளியே தள்ளினார். நல்ல விதையைக் கூடையில் கொட்டினேன். மாறத் தெரிந்த பயிரைப் படைத்த சாமிக்கு, அன்று நான்தான் கற்பூரம் கொளுத்தினேன்.