இசக்கிபாண்டி கையுறை மாட்டிய எட்டு மாதம்

இசக்கிபாண்டி தொட்ட இடமெல்லாம் அவன் குழந்தைக்குக் கொப்புளிக்கிறது, கம்பெனியிலிருந்து கையில் ஆசிட்டோடு வருகிறான் என்று சேரப்பணஞ்சேரியில் பேச்சு. ஒரு போல்ட் வெளியே போனாலும் தடவிப் பிடிக்கும் கம்பெனி, ஆசிட்டை இனாமாகக் கொடுத்தனுப்புமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் கட்டுரையில் ஒரு கம்பெனியைத் திட்டக் கிடைத்த வாய்ப்பை விடலாமா? படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

அவனுக்கு வீடு வாடகைக்கு விட்ட அம்சவல்லி வாசலிலேயே மடக்கினார். "இன்னா சார், நானா கதை கட்டி விட்டேன்? அந்தாளே சொல்லிக்கினு அழுதான் சார்!"

உண்மைதான். வதந்தியின் ஊற்றுக்கண் இசக்கிபாண்டியேதான். வள்ளியூர்ப் பக்கத்துக்காரன், வயது இருபத்தேழு, ஒரகடத்தில் கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் கனிஷ்கா பிறந்த மூன்றாம் நாள் ஆசையாகத் தூக்கினான். அவன் பிடித்த அக்குளில் இரண்டு கொப்புளம்.

"என் கையில ஊறுன தின்னருதான் பிள்ளையச் சுட்டுட்டுன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

கெஞ்சிக் கூத்தாடி பேக்கிங் பிரிவுக்கு மாறினான். கொப்புளம் மாறவில்லை. ஆபத்து என்றால் கையுறை என்று கம்பெனி வகுப்பெடுத்திருந்தது. அதைக் கவனித்துக் கேட்ட ஒரே ஆள் இவனாகத்தான் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த கையுறையில் புது ஜோடி ஒன்றை மூன்று முறை துவைத்து வீட்டில் வைத்துக்கொண்டான். எட்டு மாதம் அதை மாட்டித்தான் மகளைத் தூக்கினான்.

"பெத்த பிள்ளையப் பார்சல் மாதிரி தூக்குத மனுசன் ஒலகத்துலயே இவியதான்" என்றாள் மனைவி கவியா. சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் சென்னையில் தோல் மருத்துவர் சசிரேகா பரிசோதனை முடிவைப் படித்துச் சொன்னாராம்: "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கம்பி கட்டின மாதிரி கெரட்டின் நூல் இருக்கும். கருவுல தோல் உருவாகும்போதே அடியடுக்கு செல்லை அதுதான் தாங்கும். இவளுக்கு அந்த நூல் சரியாப் பின்னிக்கலை. லேசா உரசினாலே செல் கிழிஞ்சு, அங்க தண்ணி கோத்துக்குது. வயித்துலயே அமைஞ்சது. உங்க தப்பு இல்ல, பெயின்ட்டும் காரணமில்ல."

என் கட்டுரைக்கு வில்லன் போய்விட்டான். இசக்கிபாண்டியோ அங்கேயே அழுதிருக்கிறான், சந்தோஷத்தில். பிறகு பையிலிருந்து கையுறையை எடுத்து, "அப்ப இது இனி வேண்டாம்லா?" என்று நீட்டியிருக்கிறான்.

மருத்துவர் அந்த ரப்பர் புள்ளிகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இதுலயா தூக்கினீங்க? இதான் நல்லா உரசியிருக்கு. வெறும் கையே மெத்துனு இருந்திருக்குமே."

எப்படித் தூக்குவது என்றும் காட்டினார். அக்குளில் பிடிக்கக் கூடாது. ஒரு கை இடுப்புக்கு அடியில், ஒரு கை பிடரிக்குப் பின்னால், அடியில் விரித்த மெத்தைத்துணியோடு சேர்த்து ஏந்த வேண்டும்.

இசக்கிபாண்டி என் முன்னாலேயே கை கழுவித் துடைத்துக்கொண்டு, மகளை அப்படித் தூக்கக் குனிந்தான். கனிஷ்கா அந்தக் கைகளைப் பார்த்ததும் சுருண்டாள். வீறிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"விட்டுருங்க, துள்ளுனா தோலு தேஞ்சிரும்" என்றாள் கவியா.

கைகளை எடுத்துக்கொண்டான். "கையக் கண்டாலே வலிக்கும்னு படிச்சிட்டா அண்ணாச்சி. ஒரு தடவையாவது வலிக்காமத் தூக்கிரணும். பிள்ளைக்கு நான் பட்ட கடன்லா அது."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டாம் ஷிப்டுக்குப் போனான். நேற்றுப் போனில் கேட்டேன். அந்தக் கடனை இன்னும் அடைக்கவில்லை.