மழையில் நின்று புகைத்த விருந்தாளி

எண்பதுகளின் பின்பாதியில் நடந்தது இது. இலங்கையில், எல்லவிலிருந்து பதுளைக்குப் போகிற வழியில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது குடியிருந்தோம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரருக்கு அந்த ஸ்டோரில் தேயிலை காய வைக்கிற மெஷினில் வேலை. நானும் அங்கேயேதான், தூள் சலிக்கிற பக்கம்.

ஸ்டோருக்குள் யாரும் பீடி பற்றவைக்க முடியாது. காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். புகை வாசம் ஏறிவிட்டால் கொழும்பு ஏலத்தில் அந்தத் தூளை யாரும் சீந்தமாட்டார்கள். இந்த விஷயத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவைவிட என் வீட்டுக்காரர்தான் கண்டிப்பு. வாசல்படியில் எவனாவது பீடியோடு நின்றால் போதும், “டேய், தேயிலைக்கு மூக்கு இருக்குடா! கேட்டுக்கு அந்தப் பக்கம் போ!” என்று விரட்டுவார். மழையோ பனியோ, அவரும் கேட்டுக்கு வெளியே போய்த்தான் பீடி குடித்துவிட்டு வருவார்.

வீட்டுக்கு வந்தால்? அதை ஏன் கேட்கிறீர்கள்! தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. அதில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ஒன்று அணைவதற்குள் அடுத்ததைப் பற்றவைப்பார். எங்கள் சின்ன மகளுக்கு அப்போது நாலு வயது. மூச்சிழுப்புக்காரி. மழைக்காலம் வந்தால் அந்தச் சின்ன நெஞ்சு படுகிற பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அந்த வருடம் ஒரு தடவை உதடெல்லாம் நீலம் பாரித்துப்போய், தோட்டத்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பதுளை பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்ததே பெரிய காரியம். புகை ஆகவே ஆகாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் தங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

வந்த உடனே நான் அடுப்பை அறைக்கு வெளியே பின்பக்கச் சாய்ப்புக்கு மாற்றிவிட்டேன். மனுஷனைத்தான் மாற்ற முடியவில்லை. வாயைத் திறந்தால், “இந்த மழையில என்னைய எங்க போகச் சொல்ற? இந்த லயத்துல எவன் வீட்டுக்குள்ள குடிக்காம இருக்கான்?” என்பார். பிள்ளைமேல் பாசம் இல்லாதவர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். ஆனால் தன் பீடிக்கும் அவளுடைய மூச்சுக்கும் சம்பந்தம் உண்டு என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை. அதற்குமேல் பேச எனக்குப் பயம்.

அந்த ஐப்பசியில் ஸ்டோருக்கு ஜப்பானிலிருந்து ஒரு புது மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓடவைத்துக் கொடுக்க ஒரு ஜப்பான்காரரும் வந்தார். என் வீட்டுக்காரரைத்தான் அவருக்குத் துணைக்குப் போட்டார்கள். பாஷை தெரியாமலே இரண்டு பேரும் அப்படி ஒட்டிக்கொண்டார்கள். புகைதான் காரணமாக இருக்கும், அந்த மனுஷரும் ஊதித் தள்ளுகிற ஆள். இருவரும் சேர்ந்தே கேட்டுக்கு வெளியே போவார்கள். அவர் சட்டைப் பையில் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா இருக்கும். சாம்பலையும் சிகரெட் துண்டையும் அதில் போட்டு மூடிக்கொள்வார். “சாம்பலக்கூட ஜப்பானுக்குக் கொண்டுபோறாருடா” என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

தீபாவளி அன்று அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர். பேசுவதைத் தமிழில் சொல்ல ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிளாக்கர் ஐயாவும் கூட வந்தார். லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. தோசையும் கோழிக்குழம்பும் வைத்தேன். காரத்தில் மூக்கு சிவந்துபோய், கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார், பாவம்! கை கழுவிவிட்டு வந்து ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார். அப்போதுதான் கட்டிலில் சாய்ந்திருந்த மகளைப் பார்த்தார். அன்றும் அவளுக்கு லேசாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது. சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். மூலையில் இருந்த குடையைக் காட்டி, எடுத்துக்கொள்ளட்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். கொட்டுகிற மழையில் இறங்கி, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் போய் நின்று பற்றவைத்தார்.

என் வீட்டுக்காரருக்கு மானமே போய்விட்டது. நல்ல நாளும் அதுவுமாக, வீட்டுக்கு வந்த விருந்தாளி மழையில் நிற்பதா? “சார், உள்ள வாங்க! நம்ம வீடுதான், ஒன்னும் பரவாயில்ல!” என்று கத்தினார். பரவாயில்லை என்று காட்டுவதற்காகத் தானும் உள்ளேயே ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஜப்பான்காரர் பாதி நனைந்து திரும்பி வந்தார். ஏன் வெளியே போனார் என்று கேட்கச் சொன்னோம். கிளாக்கர் ஐயா கேட்டுச் சொன்னார்: “அவங்க ஊர்லயும் ஆபீசு, ரயிலு எல்லாத்துலயும் ஒரே புகைதானாம். இப்பத்தான் ரயில்ல ஒன்னு ரெண்டு பெட்டியில குடிக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்களாம். ஆனா மக பொறந்ததும் இவரு சம்சாரம் இவரைப் பால்கனிக்கு வெரட்டிட்டாங்களாம். பனி கொட்டினாலும் அங்க நின்னுதான் குடிக்கணுமாம். பக்கத்து வீட்டு ஆம்பளைங்க கதியும் அதுதானாம். இருட்டுல கீழ நின்னு பார்த்தா மாடிக்கு மாடி சிகரெட்டு நெருப்பு மின்மினிப்பூச்சி மாதிரித் தெரியுமாம்!”

வாசலில் ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சிரித்தார். “அடேங்கப்பா, பொண்டாட்டிக்கு இவ்வளவு பயமா!” என்று சொல்லிக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்து விட்டார். புகை நேராகக் கட்டில் பக்கம் போனது. மகள் இருமத் தொடங்கினாள்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ!

“ஏங்க, தேயிலைக்கு மூக்கு இருக்குன்னு ஊரையே வெரட்டுறீங்க. நனைஞ்சுக்கிட்டு கேட்டுக்கு வெளிய போயிக் குடிக்கிறீங்க. தேயிலைக்காகப் போறீங்களே, பெத்த புள்ளைக்காகப் போக முடியாதா? இவ என்ன, அந்தத் தூளை விடக் கேவலமா?”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை பேர் முன்னால் புருஷனை எதிர்த்துப் பேசிவிட்டேன். எல்லாரும் போன பிறகு என்ன நடக்கப்போகிறதோ என்று பயம். நான் என்ன சொன்னேன் என்று ஜப்பான்காரர் கிளாக்கர் ஐயாவைக் கேட்டார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். இருமுகிற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். கதவுக்குப் பின்னால் கிடந்த சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பீடியோடு மழையில் இறங்கிப் பீலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பீடி நனைந்து அணைந்துவிட்டது. ஜப்பான்காரர் குடையோடு ஓடிப்போய், அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்து, தன் சிகரெட் ஒன்றைக் கொடுத்துப் பற்றவைத்தார். நான் பின்பக்கச் சாய்ப்புக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அன்றோடு பீடியையே விட்டுவிட்டார் என்று சொன்னால் அது கதை. விடவில்லை. “ஜப்பான்காரரு வந்து என் பொழப்பைக் கெடுத்துட்டுப் போயிட்டாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போவார். ஆனால் அந்த அறைக்குள் மறுபடி ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை. மகளுக்கு இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை என்றாலும், அந்த மழைக்காலத்தில் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. புருஷனை மழைக்கு விரட்டியவள் என்று என்னைக் கேலி செய்த லயத்துப் பெண்கள்கூட, ஒவ்வொருத்தியாகத் தங்கள் வீட்டு ஆளை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள்.

அன்று அவர் என்னைக் கை நீட்டி அடித்திருந்தால்கூட லயத்தில் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பதில் பேசாமல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாரே, அதைப் பார்த்த பிறகுதான், இந்த மனுஷனிடம் எதையும் வாய்விட்டுக் கேட்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. இன்றைக்கும் அந்த நம்பிக்கையில்தான் அவரோடு வாழ்கிறேன்.