இருபத்திரண்டும் பாஸ்

எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கையே வராது. பால்காரர் ஒருநாள் கேட்காமலே "தண்ணியே கலக்கலைங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே ஒரத்தநாட்டில் தெரிந்த கால்நடை டாக்டரிடம் லாக்டோமீட்டர் இரவல் வாங்கி வந்தேன். பாலில் குறை ஒன்றுமில்லை. அதனால் லாக்டோமீட்டர் மேல் சந்தேகம் வந்தது.

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுத்து வைத்திருந்தது சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய என்னை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டிருந்தார்கள். புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மற்றவர்கள் எழுதும் டெஸ்ட்டுகளைப் படித்துக் குறை சொல்வதுதான் வேலை.

கம்ப்யூட்டரில் எந்த புரோகிராமும் தானாக ஒரு ஃபைலைத் திறந்துவிட முடியாது. உள்ளே எல்லாவற்றையும் நிர்வகிக்கும் கெர்னலிடம் கேட்க வேண்டும். வாய்க்கால் ஷட்டரைத் திறக்கச் சொல்லி மதகு பார்க்கும் லஸ்கரிடம் போய் நிற்கிறோமே, அதுபோல. அந்தக் கேட்டலுக்கு சிஸ்டம் கால் என்று பெயர். யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று ஓரமாக நின்று குறித்துக்கொள்வது எங்கள் கருவி. கருவி இல்லாமலே இதைச் செய்கிறவர்கள் எங்கள் வாய்க்காலில் நாலு பேர் உண்டு.

அந்தக் கருவிக்கு இருபத்திரண்டு டெஸ்ட்டுகள் எழுதி அனுப்பியிருந்தார், நாகூரிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண். எல்லாம் சின்னச் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு புரோகிராமை ஓட்டி, கருவி எழுதிய குறிப்பு சரிதானா என்று ஒப்பிட்டு, பாஸ் அல்லது ஃபெயில் என்று சொல்லும். அவருடைய ஆறு மாத ப்ரொபேஷன் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நான் சரி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சென்னைக்கு வர வேண்டும், அல்லது விலக வேண்டும். கணவர் சவூதியில். படுக்கையில் கிடக்கும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் நாகூரில். அவரால் சென்னைக்கு வர முடியாது என்பது மேனேஜருக்கும் தெரியும்.

புதன்கிழமை காலையில் ஓட்டினேன். இருபத்திரண்டும் பாஸ். நம்பிக்கை வரவில்லை.

டெஸ்ட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கருவியை வேண்டுமென்றே உடைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. உடைந்த கருவிக்கும் பாஸ் போட்டால் அது டெஸ்ட்டே இல்லை. கருவியில் ஒரு வரியை மாற்றி ஊமையாக்கினேன், எதையுமே குறிக்காதபடி. மறுபடி ஓட்டினேன்.

இருபத்திரண்டும் பாஸ்.

லாக்டோமீட்டர் கடைசியில் வேலை செய்துவிட்டது போல ஒரு சந்தோஷம். ஸ்கிரிப்ட்டுகளை வரி வரியாகப் படித்தேன். தப்பு ஒன்றும் தென்படவில்லை. அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறார் என்று முடிவு கட்டி, போன் போட்டேன்.

"ஏம்மா, கருவிய உடைச்சிட்டு ஓட்டினேன். அப்பவும் எல்லாம் பாஸ்னு வருதே?"

"இல்லியே சார். நானும் உடைச்சுப் பாத்தேன். இங்க எல்லாமே ஃபெயிலாகுது. ஓடினப்ப பதிவான லாக் அனுப்பவா?"

"லாக்க கையாலயும் எழுதலாம்ல?"

பின்னால் ஏதோ பிள்ளை பென்சில் கேட்டு அழுதது.

"எழுதலாம் சார். ஆனா அதுக்கு டெஸ்ட்ட ஒழுங்கா எழுதிட்டுப் போறது சுலபம்."

வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொண்டேன். மேனேஜருக்கு மெயில் தட்டினேன்: "டெஸ்ட்டுகளின் நம்பகத்தன்மை குறித்துச் சந்தேகம் உள்ளது. நிரந்தரம் செய்வதை நிறுத்திவைக்கவும்." அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், வத்தக்குழம்பு அன்றைக்குக் கூடுதல் ருசி.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணே கூப்பிட்டார். மேனேஜர் பேசியிருக்க வேண்டும்.

"சார், ஒண்ணே ஒண்ணு செய்ங்க. உடைக்காத கருவி வச்சிருக்கீங்கல்ல? அதுக்குள்ள என் ஸ்கிரிப்ட்ட ஓட்டிப் பாருங்க. அது எந்த ஃபைலத் தொறக்குது, எங்க போகுதுன்னு தெரிஞ்சிடும். நான் ஏமாத்தியிருந்தா நம்ம கருவியே சொல்லிடும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறாரே என்று நினைத்தபடி ஓட்டினேன். குறிப்புகள் திரையில் ஓடின. ஸ்கிரிப்ட் முதலில் எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவான உதவி ஃபைலைத் திறந்தது. அடுத்து, என் சொந்த ஃபோல்டருக்குள் போய் 'கரண்ட்' என்ற பெயரில் ஒளிந்திருந்த ஃபைலைத் திறந்தது. படித்தது. பாஸ் என்று எழுதியது. வெளியேறிவிட்டது. டெஸ்ட் நடக்கவே இல்லை.

என் வீட்டுக்குள்ளேயே ஆள் வைத்திருக்கிறாளே! யார் வேலை இது என்று உதவி ஃபைலைப் பிரித்தேன். அதை நான் அதுவரை படிக்கவில்லை. நான் எழுதியதை நானே எதற்குப் படிக்க வேண்டும்?

ஆமாம், நான் எழுதியது. ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போன காலம். கிழட்டு யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும்; எல்லா டெஸ்ட்டும் முடிய ஒரு மணி நேரமாகும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஓட்ட அலுத்துப்போய், ஒருமுறை பாஸானதை 'கரண்ட்' என்ற அந்தப் பட்டியலில் எழுதிவைத்து, அடுத்த முறை ஓட்டாமலே பாஸ் போடும்படி செய்திருந்தேன். அந்தப் பட்டியல் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இந்தச் சலுகை. உலகத்திலேயே அது என்னிடம்தான் இருந்தது. பிறகு இன்வெர்ட்டர் வாங்கினேன். பட்டியலை மறந்தேன். புதன்கிழமை முதல் ஓட்டத்தில் அவருடைய இருபத்திரண்டும் அதில் ஏறிவிட்டன. அதற்கப்புறம் கருவியை உடைத்தால் என்ன, உடைக்காவிட்டால் என்ன.

பட்டியலை அழித்துவிட்டு, ஊமைக் கருவியோடு ஓட்டினேன். அவருடையவை இருபத்திரண்டும் ஃபெயில். நல்ல கருவியோடு ஓட்டினேன். இருபத்திரண்டும் பாஸ். கூடவே ஓடிய என்னுடைய பழைய டெஸ்ட்டுகளில் மூன்று ஃபெயில். எத்தனை வருஷமாகவோ தெரியவில்லை.

மேனேஜருக்கு எழுத உட்கார்ந்தேன். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்ட குழப்பம்" என்று ஆரம்பித்தேன். காபி கொண்டுவந்த மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"கோளாறுக்குப் பேரு கிடையாதாங்க?"

"உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி?"

"நேத்து குழம்பு நல்லாருக்குன்னு சொன்னப்பவே நினைச்சேன், யாரையோ மாட்டிவிட்டுட்டு வந்திருக்கீங்கன்னு."

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: "அவருடைய டெஸ்ட்டுகள் சரி. தவறு என் ஃபைலில். என் பழைய டெஸ்ட்டுகளிலும் மூன்று தவறு. அவரை நிரந்தரம் செய்யவும்." வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் ஒரே வார்த்தையில் பதில் போட்டார்: "செய்தாகிவிட்டது." அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார். அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாரே என்று, பழக்க தோஷம், எனக்குச் சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை என் மூன்று டெஸ்ட்டுகளையும் திருத்தி ரிவியூவுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை ரிவியூ செய்ய வேண்டியவர் அவர். சாயங்காலம் பதில் வந்தது:

"திருத்தம் சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. கருவியை உடைத்து ஓட்டிய லாக் அனுப்பவும். கையால் எழுதியது வேண்டாம்."