நட்டுக்குப் பொட்டு வைத்த தம்பி

என் தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எழுதத் தெரிந்தவர் ஒருவரை வைத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று அச்சகத்தார் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் தி.நகர் வீதிகளில் தலைச்சுமையாக அலுமினியப் பாத்திரம் விற்றவன், அதே வீதியில் சொந்தமாகப் பாத்திரக்கடை வைத்தேன், வாசலில் சொந்தக் காரும் நிறுத்தினேன். அதையெல்லாம் ஆள் வைத்தா செய்தேன்? இதையும் நானே எழுதுகிறேன்.

உயிரோடு இருந்தவரை தம்பியை நான் "டேய்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அச்சில் அது மரியாதையாக இருக்காது என்கிறார்கள். ஆகையால் "அவர்" என்று எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். பிறக்கும்போதே தாமதம். வலி கண்டுவிட்டது என்று கூப்பிட்ட மருத்துவச்சி காத்திருந்து காத்திருந்து வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வந்தாளாம். அப்பா காலமான பிறகு நான் சென்னைக்கு வந்து, கால் ஊன்றி, தம்பியை வரச்சொன்னேன். எழும்பூர் ஸ்டேஷனில் போய் நின்றேன். ரயில் வந்தது, தம்பி வரவில்லை. மறுநாள் ரயிலில் வந்து இறங்கி, "வண்டி சீக்கிரம் போயிட்டுண்ணே" என்றார்.

கடையில் அவருக்குப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வேலை கொடுத்தேன். சின்ன உளி, சின்னச் சுத்தியல். புள்ளி புள்ளியாகத் தட்டுவார். கல்யாணச் சீர் வாங்க வந்தவர்கள் கால் கடுக்க நிற்பார்கள். எப்போது கேட்டாலும், "இதோ வந்துடுச்சும்மா" என்பார். வராது. ஆனால் முடித்துக் கொடுத்தால் அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். தம்பி பெயர் வெட்டிய குடத்தில் ஓர் எழுத்துகூடச் சரிந்தது கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு கறுப்புக் கார் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் எங்கள் வகையறாவில் முதல் கார். அதைக் கவனிக்கும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டேன். அவர் கவனித்த விதம் இது: ஆயுதபூஜை வந்தால் தராசுக்கும் கல்லாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுக் காருக்கு வருவார். பானெட்டைத் திறப்பார். பாட்டரி அசையாமல் இருக்க மேலே ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதை இறுக்கிப் பிடிப்பது ஒரு நீளப் போல்ட்டும் அதன் தலையில் ஒரு நட்டும். வண்டிக்கு உயிர் பாட்டரியில்தானே இருக்கிறது என்று, அந்த நட்டின் மேல் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, உடைத்த தேங்காயின் தண்ணீரையும் அதன் மேலேயே ஊற்றுவார். மறுவருஷம் பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியது. வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சம்பழம் வேறு.

அப்படியிருக்க, தம்பிக்கு மயிலாப்பூரில் ஒரு பெண் பார்த்தோம். எல்லாம் பேசி முடித்துப் புறப்படுகிற நேரத்தில் வண்டி மூச்சே விடவில்லை. பாட்டரி போய்விட்டது. பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடவீதி முக்கு வரைக்கும் தள்ளினார்கள். மறுநாளே ஜாதகம் திரும்பி வந்துவிட்டது.

அடுத்து அடையாற்றில் ஓர் இடம் வந்தது. தம்பிக்கு அப்போதே முப்பது தாண்டிவிட்டது. இதுவும் தட்டிப்போனால் தன்னிடம் வேறு இடம் இல்லை என்று தரகர் கையை விரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணிக்கு ராகு காலம் பிறக்குமுன் பெண் வீட்டுப் படி ஏறிவிட வேண்டும் என்று பேச்சு. நான் முன்யோசனைக்காரன். புது பாட்டரியும், கூடவே புது போல்ட்டும் நட்டும் சனிக்கிழமையே வாங்கிக் கொடுத்து, "இன்னைக்கே மாட்டிருடா" என்றேன். "காலையில மாட்டிக்கலாம்ணே, என்ன இருக்கு" என்றார். அவருடைய காலை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விடிந்தது.

பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்தே நின்றார்.

"என்னடா பாக்கே?"

"நட்டு எங்கன்னு பாக்கேண்ணே."

நட்டு தெரியவில்லை. சந்தனமும் குங்குமமும் துருவும் சேர்ந்து புற்று மாதிரி எழும்பியிருந்தது. தெரு முனையில் இருந்த மெக்கானிக் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு வரச்செய்தேன். அவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா இது? நட்டா, குங்குமச் சிமிழா?"

"வருஷா வருஷம் வச்சது" என்றார் தம்பி.

"வெச்சே சரி, தொடைக்க மாட்டியா?"

"சாமிக்கு வச்சதைத் தொடைக்கலாமா?"

ஏகாம்பரம் சுரண்டுவதற்கு உளியை எடுத்தான். தம்பி கையை வைத்து மறைத்துக்கொண்டார். "இருங்க, ஒரு சூடம் காட்டிடறேன்."

"பாட்டரி மேல நெருப்பா? கேஸ் பத்திக்கினா நீயும் நானும் ஜோடியா மேல போய்க்கினு இருப்போம்!"

கேட்டருகே நின்று சூடத்தைக் காட்டிவிட்டு வந்த பிறகே சுரண்ட விட்டார். மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பானரை மாட்டி, ஏகாம்பரம் தம் பிடித்தான். ஸ்பானர் வழுக்கியது. நட்டின் மூலைகள் மழுங்கிப் போயின. "தள்ளு" என்று நானும் பிடித்தேன். கூடை கூடையாகப் பாத்திரம் சுமந்த தோள் இது. என் விரல் முட்டியின் தோல் உரிந்தது, நட்டு உரியவில்லை. அப்போது நான் சொன்னவற்றை மலரில் அச்சேற்ற முடியாது.

"இத்த அறுக்கணும். ரம்பம் உள்ள போவாது. நாளைக்கு ஷெட்டுக்கு இட்டாந்துடு" என்று ஏகாம்பரம் சைக்கிளில் ஏறினான். "அர்ஜெண்டுன்னா நல்ல பூசாரியாப் பாரு நைனா!"

என் மனைவி வாசலுக்கு வந்தாள். "டாக்ஸியில போவோமே. பெண்ணைத்தான பாக்கப் போறோம், காரையா காட்டப் போறோம்?"

சொந்தக் காரில் வருகிறோம் என்று சொல்லி அனுப்பியவன் நான். டாக்ஸியில் போய் இறங்குவதா? வண்டியின் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாம்தான். திரும்பும்போது பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை குனிந்து நின்று ஹேண்டில் சுற்றுவானா? மயிலாப்பூர் கதை இங்கேயும் நடக்க வேண்டுமா?

தம்பி கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். பெயர் வெட்டுகிற உளியும் சுத்தியலுமாகத் திரும்பி வந்தார்.

"நட்டுல யாரு பேருடா வெட்டப் போறே?"

"நெஞ்சுல ஒரு கோடு போட்டா தானா விண்டுரும்ணே."

டிக், டிக், டிக் என்று ஆரம்பித்தார். எறும்புக்கு வலிக்குமோ என்கிற மாதிரி ஓர் அடி. ஊதிப் பார்ப்பார். இன்னோர் அடி.

"பலமா அடிடா! மணி என்ன ஆகுது?"

"பலமா அடிச்சா பாட்டரி விரிஞ்சு ஆசிட்டு ஊத்தும்ணே. இதோ வந்துடுச்சு."

"எதுடா வந்துடுச்சு? ராகு காலமா?"

"மதினி, அண்ணனுக்கு ஒரு காபி கொடுங்க."

காபி வந்தது, குடித்தேன், ஆறவில்லை எனக்கு. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நடந்தேன். கடைசியில் நட்டு ஒரு சின்னச் சத்தத்தோடு இரண்டாக விண்டது. பாட்டரியில் ஒரு கீறல் இல்லை. புது பாட்டரியை வைத்து இறுக்கினோம். தொட்டதும் வண்டி கிளம்பியது. ஹார்னை அழுத்திப் பார்த்தேன், தெருவே திரும்பிப் பார்த்தது. தம்பி உள்ளே ஓடிக் குங்குமத்தோடு வந்தார். நான் பார்த்த பார்வையில் பானெட்டில் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொண்டார்.

வேகமாக ஓட்டினால் நேரத்துக்குப் போய்விடலாம். அடையாற்றுப் பாலம் ஏறியதும், "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். சட்டைப் பையில் கை விட்டு, விண்டுபோன நட்டின் இரண்டு துண்டுகளையும் எடுத்தார்.

"சந்தனம் வச்சுக் கும்பிட்ட பொருள். கால் படற எடத்துல போடக் கூடாது. ஆத்துல விட்டுட்டு வந்துடறேன்."

இப்படி ஒரு மாப்பிள்ளையைப் பெண் பார்க்கக் கூட்டிப் போனவர்கள் சென்னையில் வேறு யாரும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். தம்பி இறங்கி, தண்ணீர் ஓடுகிற இடம் பார்த்து நடந்து, போட்டு, கும்பிட்டு, திரும்பி வந்தார்.

பெண் வீட்டுப் படி ஏறும்போது அவளுடைய தகப்பனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூட வாத்தியார். "ராகு காலம் பொறந்துட்டுது. ஆறு மணிக்கு மேலதான் பொண்ணு வரும். உக்காருங்க" என்றார். சிரிக்கவில்லை.

முன்னறையில் உட்கார்ந்தேன். என் கடையைப் பற்றி, நான் அடிமட்டத்திலிருந்து வந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். "அப்படியா" என்றார் வாத்தியார். காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பியின் கையோ மண்ணெண்ணெயும் கரியும் குங்குமமும். கழுவிக்கொள்ளக் கொல்லைப்புறக் கிணற்றடிக்குப் போனவர், வழக்கம்போல வரவில்லை.

கிணற்றடியில் பெண் நின்றிருக்கிறாள். இதைப் பின்னால் அவளே எங்களுக்குச் சொன்னாள்.

"கையெல்லாம் செவப்பா இருக்கே, அடிதடியா?" என்று கேட்டாளாம்.

"இல்லைங்க, நட்டு."

ராகு காலம் முழுக்க, ஆயுதபூஜையில் தொடங்கி ஆற்றில் விட்டது வரை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். அவள் புளி கொண்டுவந்து கொடுக்க, அவர் தேய்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். உள்ளே நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் வந்தது. வாத்தியார் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எம் பொண்ணு சிரிச்சு நான் கேட்டு வருஷமாச்சு. அவ அம்மா போனதுலேருந்து..." என்றவர், அதோடு நிறுத்திக்கொண்டு எனக்கு ஒரு காபி சொன்னார்.

ஆறு மணிக்குத் தட்டோடு வந்த பெண் தலை நிமிரவே இல்லை. வெட்கம் அல்ல, நிமிர்ந்தால் சிரிப்பு வந்துவிடும். தம்பி குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது வண்டி ஒரே தொடலில் கிளம்பியது. நான் எல்லோருக்கும் கேட்கும்படி ஹார்ன் அடித்தேன். தம்பி மட்டும் படியில் நின்று, "இதோ வந்துடறேண்ணே" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு தம்பி அடையாற்றிலேயே வீடு பார்த்துக்கொண்டு, அங்கே நமது கிளைக் கடையைப் பார்த்தார். ஞாயிறுதோறும் மயிலாப்பூர்க் கோயிலுக்கு அழைத்துப்போக அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஹார்ன் அடிப்பேன். "இதோ வந்துடறேண்ணே" என்று குரல் மட்டும் வரும். ஆள் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் எனக்குப் பழக்கமாகிவிட்டார்கள். அந்த வாசலில் நான் வீணாக்கிய நேரத்தைச் சேர்த்திருந்தால் இன்னொரு கடை போட்டிருப்பேன்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. வைத்தியத்துக்கும் தாமதமாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒருநாள் முகம் தெளிந்து, "நாளைக்கு வண்டியை எடுத்துட்டு வாங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றார். மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வண்டியோடு போய் நின்றேன். எல்லாவற்றுக்கும் பிந்துகிறவர், அதற்கு மட்டும் எனக்கு முந்திவிட்டார்.

கைவிடாமல் பார்த்த மருத்துவருக்கும் நர்சுகளுக்கும், அடையாற்று அண்டை வீட்டாருக்கும், கடைசி நாளில் தன் ஷெட்டை மூடிவிட்டு வந்து தோள் கொடுத்த ஏகாம்பரத்துக்கும், பிழை திருத்திக் கொடுத்த வாத்தியார் சம்பந்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போன ஞாயிறு, இந்த மலரில் போடப் படம் வாங்கிவர அடையாறு போனேன். வாசலில் வண்டியை நிறுத்தியதும் கை தானாக ஹார்னுக்குப் போய்விட்டது. அடித்த பிறகுதான் உறைத்தது. தம்பி மனைவி கதவைத் திறந்து வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை அடிங்க பெரியத்தான்" என்றாள்.

அடித்தேன். டேய், எவ்வளவு நேரம்டா?